வலது காலில் பொட்டு இல்லை

ஐயா, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் போட்டிருக்கும் ஷூ உங்களுக்கு அரை அளவு சின்னது. மேஜைக்கு அடியில் குதிகாலை வெளியே எடுப்பதும் உள்ளே விடுவதுமாக இருக்கிறீர்கள். நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து பார்க்கிறேன். சுண்டுவிரல் பக்கம் தோல் காய்த்துப் போயிருக்கும். போனில் படம் பார்த்து வாங்கியதாகத்தான் இருக்கும். இப்போதெல்லாம் யார் காலை அளந்து வாங்குகிறார்கள்? படத்தைப் பார்க்கிறான், விரலால் ஒரு தட்டுத் தட்டுகிறான், மூன்றாம் நாள் பெட்டி வாசலில் வந்து நிற்கிறது. கடித்தால் திருப்பி அனுப்பலாம் என்கிறான். ஒருத்தனும் அனுப்புவதில்லை. நொண்டி நொண்டி நடந்து அதையே நடை என்று ஆக்கிக்கொள்கிறான். செருப்புக்காகக் காலை வெட்டிக்கொள்கிற காலம் இது.

கூட இருப்பவர் எழுதிக்கொண்டிருக்கிறார். எழுதட்டும். நான் மெதுவாகவே சொல்கிறேன். எனக்குப் படிப்பு நாலாம் வகுப்போடு சரி, அந்த எழுத்தும் இப்போது மறந்துபோச்சு. நான் சொன்னதைத்தான் அவர் எழுதுகிறாரா, இல்லை அவருக்குத் தோன்றியதை எழுதுகிறாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? கடைசியில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒருத்தர் படித்தால் போதாது. இரண்டு பேர், தனித்தனியாக.

நாற்பத்தொரு வருஷம் ஒரே கடை. முதலில் சாதாரண ஷூ விற்றோம். அப்புறம் ஓட்டக்காரர்களுக்கு. கடைசிப் பன்னிரண்டு வருஷமாக மலை சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கான ஷூ. முதலாளி மாறினார், பலகை மாறியது, கண்ணாடி மாறியது. என் குட்டி ஸ்டூல் மட்டும் மாறவில்லை. ஆளை நாற்காலியில் உட்காரவைத்து, நான் கீழே உட்கார்ந்து, அவன் காலை என் மடியில் வாங்கி அளப்பேன். "பெரியவர் கால்ல விழுந்தே வியாபாரத்தை முடிச்சிடுவார்" என்று முதலாளி கேலி செய்வார். பண்ணட்டும். காலைத் தொடாமல் ஷூ விற்பவன், முகத்தைப் பார்க்காமல் பெண் பார்த்தவன் மாதிரி.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக முடியும். மலை சைக்கிள் ஷூவில் இரண்டு சாதி. ஒன்று தட்டை ஷூ. அடிப்பாகம் மெத்தென்ற ரப்பர், பெடலில் சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கும், வேண்டும்போது காலைத் தூக்கிக்கொள்ளலாம். இன்னொன்று கொக்கி ஷூ. அடிப்பாகம் பலகை மாதிரி விறைப்பாக இருக்கும். அதில் ஒரு சின்ன இரும்புத் துண்டை இரண்டு ஸ்க்ரூ போட்டுத் திருகுவோம். கம்பெனிக்காரன் அதற்கு என்னவோ பெயர் வைத்திருக்கிறான், எங்களுக்கு அது கொக்கி. அந்தக் கொக்கி பெடலில் 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும். கால் பெடலோடு ஒன்றாகிவிடும். வெளியே எடுக்கக் குதிகாலை வெளிப்பக்கமாக ஒரு திருப்புத் திருப்ப வேண்டும். மேலே இழுத்தால் வராது.

அந்த இரண்டு ஸ்க்ரூவில் ஒன்று கழன்று விழுந்தாலும் போச்சு. குதிகாலைத் திருப்பினால் ஷூ மட்டும் திரும்பும், கொக்கி பெடலிலேயே பிடித்துக்கொண்டு நிற்கும். அதனால் நான் ஒரு வழக்கம் வைத்தேன். ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கிற நீலப் பசை ஒரு சொட்டு விட்டு, ஆலன் கீ என்கிற வளைந்த திருகுசாவி உள்ளங்கையில் பதிகிற அளவுக்கு இறுக்கி, பிறகு ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலும் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைப்பேன். பாதி பொட்டு ஸ்க்ரூவில், பாதி கொக்கியில். பிறகு ஸ்க்ரூ ஒரு மயிரிழை நகர்ந்தாலும் பொட்டு இரண்டாக விலகிக் காட்டிக்கொடுக்கும். நான் பொட்டு வைத்தால் நான் இறுக்கியிருக்கிறேன் என்று அர்த்தம். ஊரில் உள்ள சைக்கிள்காரன் எல்லாருக்கும் இது தெரியும். பழைய ஷூவை விற்கும்போதுகூட "பெரியவர் பொட்டு இருக்கு" என்று சொல்லி விற்பான்.

இனி வீட்டு விஷயம்.

மனைவி போய் ஏழு வருஷம். அதிலிருந்து மகள் வீட்டில் இருக்கிறேன். மகள், மாப்பிள்ளை, ஆறு வயசுப் பேத்தி. பேத்தியை வாண்டு என்றுதான் கூப்பிடுவோம். மாப்பிள்ளை நல்ல மனுஷன். அதை எழுதிக்கொள்ளுங்கள், நான் மறைக்கவில்லை. குடி கிடையாது. குரல் உயர்த்தமாட்டார். என் முழங்காலுக்குத் தைலம் வாங்கிவந்து மேஜையில் வைத்துவிட்டு, வாங்கினேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விடுவார். இப்படி ஒரு ஆள் எதிரே இருந்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். இனிக்க இனிக்கப் பேசுகிறவன் எதையோ எடுத்துக்கொள்ளத்தான் வந்திருக்கிறான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார்.

"மாமா, எனக்கு வேலை மாத்தல் வந்திருக்கு. தூரம்தான். அடுத்த மாசம் விட்டு அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி சேரணும். விட்டா வேற ஆளுக்குப் போயிடும்."

"போங்க. யார் வேணாம்னாங்க" என்றேன்.

"வீடு தயாராக ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் கம்பெனி ஒரே ஒரு ரூம்தான் குடுக்குது, அதுவும் நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. உங்க முழங்காலுக்கு ஆகாது. ரெண்டே ரெண்டு மாசம் நீங்க ஒரு நல்ல இடத்துல இருங்க மாமா. நானே பார்த்து வச்சிருக்கேன்."

போனை என் பக்கம் திருப்பினார். வரிசையாக வெள்ளைக் கட்டில். பூத்தொட்டி. வயசானவர்கள் ஏழெட்டுப் பேர் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"சிரிக்கறவங்களை எல்லாம் படம் புடிச்சிருக்காங்க. அழறவங்களை எந்த ரூம்ல வச்சிருக்காங்க?" என்று கேட்டேன்.

மகள் சிரித்துவிட்டாள். "அப்பா, கடவுளே நேர்ல வந்தாலும் நீங்க அடையாள அட்டை கேப்பீங்க."

நான் அந்தப் படத்தில் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை பேர் காலிலும் ஒரே நீலச் செருப்பு. ஒரே அளவு. ஒருத்தருக்குக் குதிகால் வெளியே தொங்குகிறது, இன்னொருத்தருக்கு விரலுக்கு முன்னால் அரை சாண் காலி. மொத்தமாக வாங்கிப் போட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளையும் அப்படித்தான் போனில் தட்டியிருக்கிறார். என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? என் அளவை எடுத்தாரா? எனக்கு ஒரு இடம் பார்த்துவிட்டார்.

இரண்டு மாசமாம்.

இரண்டு மாசம் என்று சொல்லி விட்டுவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். எங்கள் கடையில் செருப்பு தைத்துக்கொண்டிருந்தவரை அவர் மகன் ஒரு மாசம் என்று சொல்லித்தான் கொண்டுபோய் விட்டான். அங்கிருந்தேதான் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

அன்றிலிருந்து நான் கணக்குப் போட ஆரம்பித்தேன். கோபப்படவில்லை. கோபம் வந்தால் கை நடுங்கும், கை நடுங்கினால் என் தொழிலுக்கு ஆகாது. ஒண்ணாம் தேதிதான் விஷயம். அந்தத் தேதியில் போய்ச் சேரவில்லையென்றால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று அவர் வாயாலேயே சொன்னார். மனுஷனுக்குக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே ஒரு எலும்பு உண்டு, சைக்கிள்காரர்கள் அடிக்கடி முறித்துக்கொள்வது. மூன்று மாதம் கட்டுப் போட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் சரியாகிவிடும். மூன்று மாதம். மகள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வாள். வாண்டு பள்ளிக்கூடம் மாறவேண்டாம். யாருக்கும் நஷ்டம் இல்லை. ஒரே ஒரு எலும்பு. அதுவும் ஒட்டிக்கொள்கிற எலும்பு.

நான் போய் எதையும் தேடவில்லை ஐயா. அதுவாக வந்தது. மாப்பிள்ளை ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு சிநேகிதர்களோடு மலைக்குச் சைக்கிள் எடுத்துக்கொண்டு போவார். காலில் பழைய கான்வாஸ் ஷூ. ஒரு நாள் பெடல் வழுக்கி, அதன் முள் முழங்காலுக்குக் கீழே கிழித்துவிட்டது. ஏழு தையல். மகள் என்னிடம் வந்தாள்.

"அப்பா, ஊரெல்லாம் உங்ககிட்ட ஷூ வாங்குது. வீட்டு மாப்பிள்ளை கான்வாஸோட திரியறார். அவர் பிறந்தநாள் வருது. நீங்களே பார்த்து நல்லதா ஒண்ணு எடுத்துக் குடுங்க."

"கடைக்கு வரச் சொல்லு. சாயங்காலமா வரச் சொல்லு" என்றேன்.

சாயங்காலம் ஏனென்றால், காலையில் கால் சின்னதாக இருக்கும். நாள் முழுக்க நின்று நடந்தால் வீங்கும். மலையில் இரண்டு மணி நேரம் மிதித்தாலும் அப்படித்தான் வீங்கும். காலையில் வாங்கிய ஷூ மத்தியானம் கடிக்கும். சைக்கிள் ஓட்டும்போது போடுகிற சாக்ஸையே போட்டு வரச் சொன்னேன். சொன்னபடி வந்தார். சைக்கிளையும் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். பழைய ஷூவையும் பையில் போட்டு எடுத்துவந்தார், நான் கேட்டிருந்தேன்.

காலை மடியில் வாங்கினேன். ஏழு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், அவர் காலை அன்றைக்குத்தான் தொட்டேன். கூச்சப்பட்டார். "ஐயோ மாமா, நீங்க போய் என் காலை..." என்று இழுத்துக்கொள்ளப் பார்த்தார். "இங்க நான் மாமா இல்லை, கடைக்காரன்" என்றேன். இடது கால் வலதைவிட ஒரு நூல் பெரிசு. பெரிய காலுக்குத்தான் ஷூ எடுக்க வேண்டும். முன்பாதம் அகலம், குதிகால் ஒல்லி. அந்த மாதிரிக் காலுக்கு ஷூ கிடைப்பது கஷ்டம். கிடைத்தால் அமைந்துவிடும்.

பழைய கான்வாஸ் ஷூவின் அடியைத் திருப்பிப் பார்த்தேன். ஒருத்தன் எப்படி வாழ்கிறான் என்பதை அவன் ஷூவின் அடி சொல்லிவிடும். இடது அடி புதுசு மாதிரி இருந்தது. வலது அடியில் வெளி ஓரம் கல்லில் தேய்ந்து நூல் வெளியே தெரிந்தது. சைக்கிளை நிறுத்தும்போதெல்லாம் அவர் வலது காலைத்தான் ஊன்றுகிறார். எப்போதும் வலது. இடதை ஊன்றியதே கிடையாது. அதை மனசில் வைத்துக்கொண்டேன்.

"மாமா, எனக்கு இந்தத் தட்டை ஷூவே போதும்" என்றார், அலமாரியைப் பார்த்து. "கால் மாட்டிக்கற சமாச்சாரம் எனக்குக் கொஞ்சம் பயம்."

"பயப்படறவங்களுக்குத்தான் மாப்பிள்ளை கொக்கியே. பெடல் வழுக்கித்தானே கிழிஞ்சுது? கொக்கி இருந்தா வழுக்குமா?"

"அது சரி. விழப்போற நேரத்துல கால் வரலைன்னா?"

"குதிகாலை இப்படி ஒரு திருப்பு. கதவுக் கொண்டி மாதிரி. வாண்டுகூடச் செய்யும்."

அவர் யோசித்தார். கல்லாவில் இருந்த முதலாளி, "என்ன யோசனை சார்? பொண்ணையே நம்பிக் குடுத்தவர், ஒரு ஷூவையா தப்பாக் குடுக்கப்போறார்?" என்றார். மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். "நீங்க சொன்னா சரி மாமா. எனக்கு என்ன தெரியும்."

இங்கே நான் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவருக்குச் சரியானது தட்டை ஷூதான். ஓட்ட ஆரம்பித்து ஒரு வருஷம், குறுகலான பாதை, அடிக்கடி கால் ஊன்றுகிற பழக்கம். இந்த மூன்றும் சேர்ந்தால் தட்டை ஷூவுக்கு மேல் கொடுக்கக்கூடாது. வேறு யார் வந்து உட்கார்ந்திருந்தாலும், அவன் கெஞ்சினாலும், கொக்கியைக் கொடுத்திருக்கமாட்டேன். எத்தனையோ பேரைத் திட்டி அனுப்பியிருக்கிறேன்.

ஆனால் எடுத்துக் கொடுத்ததில் குறை சொல்ல முடியாது. நாலு ஜோடி மாட்டிப் பார்த்தோம். முதல் ஜோடி சுண்டுவிரலை அமுக்கியது. இரண்டாவதில் குதிகால் எழும்பியது. மூன்றாவது கயிறு கட்டுகிற மாதிரி, கயிறு சங்கிலியில் மாட்டும், வேண்டாம் என்றேன். நாலாவது ஷூ, கறுப்பு, விரல் முனையில் கல் படாமல் கெட்டியான மூடி, கயிற்றுக்குப் பதிலாகத் திருகுகிற வட்டக் குமிழ், கணுக்காலை ஒட்டி உயர்ந்த விளிம்பு. பெருவிரலுக்கு முன்னால் அரை விரல் இடம். எழுந்து நடந்தார். குதிகால் அசையவில்லை. "அச்சுல வார்த்த மாதிரி இருக்கு மாமா" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லவில்லை. ஒரு காலுக்கு ஷூ அப்படி அமைவது வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ.

பெஞ்சில் போட்டுக் கொக்கி திருகினேன். இடது காலுக்கு நீலப் பசை விட்டு, உள்ளங்கை சிவக்க இறுக்கி, இரண்டு பொட்டு வைத்தேன். வலது காலுக்குப் பசை விடவில்லை. விரலால் திருகி, ஆலன் கீயால் கால்வாசிச் சுற்று மட்டும் கொடுத்தேன். நெயில் பாலிஷ் பிரஷ் கையில்தான் இருந்தது. கையைக் கொண்டுபோனேன். வரவில்லை. இறுக்காத ஸ்க்ரூவுக்குப் பொட்டு வைக்க என் கைக்குப் பழக்கமில்லை. புட்டியை மூடி வைத்துவிட்டேன்.

கடையில் இன்னொரு வழக்கம், ஷூ வாங்கியவர் என் கண் முன்னால் ஒவ்வொரு காலையும் பத்துத் தடவை மாட்டிக் கழற்றிக் காட்டவேண்டும். அவர் சைக்கிளில் புதுப் பெடலைப் போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, ஏறி உட்காரச் சொன்னேன். பெடலில் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அதைத் தளர்த்தி வைத்தால் கொக்கி லேசாகக் கழலும், இறுக்கி வைத்தால் பலமாகத் திருப்ப வேண்டும். எல்லாவற்றையும் தளர்வாகவே வைத்திருந்தேன். பத்துத் தடவையும் வந்தது. வலது காலும் வந்தது. சின்னப் பையன் மாதிரி எண்ணிக்கொண்டே செய்தார். அப்புறம் மகளுக்குப் போன் போட்டுச் சொல்ல வெளியே போனார். அவர் பேசி முடிப்பதற்குள் நான் வலது பெடலின் ஸ்பிரிங்கைக் கடைசிவரை இறுக்கிவிட்டேன்.

இவ்வளவு விவரமாக ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு யாரும் கைமறதி என்று எழுதிவிடக்கூடாது. என் கைக்கு மறதி கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். புது ஷூ தரையில் 'டக் டக்' என்றது. வாண்டு பின்னாலேயே ஓடிவந்து அந்தச் சத்தத்துக்கு ஆடியது.

"மாமா, தெருவுல ஒரு சுத்து ஓட்டிப் பார்த்தேன். வலது கால் லேசா ஆடற மாதிரி இருக்கு. கழட்டவும் கொஞ்சம் கஷ்டப்பட்டுச்சு. ஒரு தடவை பாக்கறீங்களா?"

ஆலன் கீ என் சட்டைப் பையில் இருந்தது. எப்போதும் இருக்கும், பேனா மாதிரி. அரை நிமிஷ வேலை. நான் அவர் காலைப் பார்த்தேன். அவர் காலை என் பக்கம் நீட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்றார். உள்ளே மகள் அட்டைப் பெட்டிகளை ஒட்டிக்கொண்டிருந்தாள். டேப் கிழிகிற சத்தம் ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. அன்றைக்கும் கேட்டது.

"புதுசுன்னா அப்படித்தான் இருக்கும் மாப்பிள்ளை. ஓட்ட ஓட்டப் படிஞ்சிடும்" என்றேன்.

"சரி மாமா" என்று காலைக் கீழே வைத்தார்.

வாண்டு கீழே குனிந்து, "தாத்தா, அப்பா ஷூக்குப் பொட்டு வச்சியா?" என்று கேட்டது. அதற்கு அந்தப் பொட்டு என்றால் உயிர். தன் நகத்துக்கும் வைக்கச் சொல்லும்.

"இடது கால்ல வச்சிருக்கேன் கண்ணு" என்றேன்.

குழந்தையிடம் நான் பொய் சொல்லமாட்டேன். அவருக்கும் அது காதில் விழுந்தது. அவர் கேட்டிருக்கலாம், வலதுக்கு ஏன் இல்லை என்று. கேட்கவில்லை. ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, குழந்தையின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

நடந்ததை அவர் சிநேகிதர்கள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். மேலே போய்ச் சேர்ந்தார்கள், தண்ணீர் குடித்தார்கள், படம் எடுத்தார்கள். இறங்கும்போது, அந்தக் கழுத்து மாதிரி ஒடுங்குகிற வளைவில், எதிரே ஒரு வயசான அம்மா கைத்தடியோடு ஏறி வந்திருக்கிறார். மாப்பிள்ளை அவருக்கு வழிவிடச் சைக்கிளை நிறுத்தினார். மரியாதை தெரிந்தவர், நிறுத்தத்தான் செய்வார். வலது காலை ஊன்றப் போனார். ஷூ திரும்பியது. கொக்கி திரும்பவில்லை. உடம்பு அதற்குள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. நாற்பது அடி. உடலை மேலே தூக்கிக்கொண்டு வந்தபோதும் வலது ஷூ பெடலில் மாட்டியேதான் இருந்ததாம். ஒரு ஸ்க்ரூ இல்லை.

நீங்கள் ஒன்று கேட்டீர்கள், ஏன் வலது கால் என்று. நான் சொன்னேன். அந்தப் பாதையை எனக்குத் தெரியும், கடை நடத்துகிற சவாரிகளுக்கு உதிரிப் பாகம் எடுத்துக்கொண்டு நாலைந்து தரம் நடந்தே போயிருக்கிறேன். ஏறும்போது வலது பக்கம் பாறை, இடது பக்கம் பள்ளம். வலது பக்கம் சாய்ந்தால் பாறையில் தோள் மோதும், எலும்பு விடும், மூன்று மாதம் கட்டு. அவர் நல்லதுக்காகத்தான் பாறைப் பக்கத்துக் காலை எடுத்தேன். எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறேன் என்று நீங்களே பார்க்கலாம்.

"அதே பாதையில திரும்பி இறங்கும்போது வலது பக்கம் என்ன பெரியவரே?" என்று கேட்டீர்கள்.

அதற்கு நான் தண்ணீர் கேட்டேன். தண்ணீர் கொடுத்தீர்கள். இப்போது பதில் சொல்கிறேன், எழுதச் சொல்லுங்கள். பள்ளம்.

இன்னும் ஒன்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். ஏறும்போது யாருக்கும் ஸ்க்ரூ கழலாது ஐயா. ஏறுவது மெதுவாக, அதிர்வில்லாமல் போகிற வேலை. கல்லில் தடதடவென்று இறங்கும்போதுதான் கழலும். பன்னிரண்டு வருஷத்தில் என்னிடம் ஸ்க்ரூ விழுந்து வந்தவன் அத்தனை பேரும் இறக்கத்தில் விழுந்தவன்தான். இது எனக்குத் தெரியாது என்று சொன்னால் என் ஸ்டூல்கூடச் சிரிக்கும். தெரிந்தே செய்தேன். செய்தது நான்தான், வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. முதலாளியைத் தொந்தரவு பண்ணாதீர்கள். ஆனால் நான் கேட்டது ஒரு எலும்புதான். அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மகள் வெளியே இருக்கிறாளா என்று கேட்டேன். வந்து ஒரு கவரைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள் என்கிறீர்கள். வாண்டு அவளிடம் சொல்லியிருக்கும், தாத்தா இடது காலுக்குத்தான் பொட்டு வைத்தார் என்று. குழந்தை பொய் சொல்லாது, என் வளர்ப்பு.

கவரில் இருந்த காகிதத்தை நீங்கள் படித்தீர்கள். அந்தத் தூரத்து ஊரில் வீட்டுக்காரருக்கு மாப்பிள்ளை எழுதினது என்றீர்கள். குடிவருகிறவர்கள் நாலு பேர் என்று போட்டிருக்கிறதாம். அதில் என் பெயர் இரண்டாவதாம். மாமனாருக்கு முழங்கால் வலி, அவருக்குக் கீழ் அறைதான் வேண்டும், ஜன்னல் பக்கம் வேலை பார்க்க ஒரு பெஞ்ச் போட இடம் விட வேண்டும், பெஞ்ச் இத்தனை அடி இத்தனை அங்குலம் என்று அளவும் எழுதியிருக்கிறாராம். அந்த அளவு சரிதான். என் கடை பெஞ்சின் அளவுதான் அது. ஷூ வாங்க வந்த அன்றைக்கு நான் பெட்டி எடுக்க உள்ளே போனபோது அளந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. முதியோர் இடத்துக்கு எழுதினதிலும் இரண்டு மாதம் என்று தேதி போட்டிருக்கிறதாம்.

எழுதுகிறவரிடமும் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவரும் அதையேதான் படித்தார். ஒரு எழுத்து மாறவில்லை. மாறுமா? இரண்டு பேரும் ஒரே அறையில் வேலை பார்க்கிறவர்கள்.

காகிதத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம் ஐயா. படத்தில் சிரிக்க வைக்கவில்லையா? அந்த மாதிரிதான் இதுவும். இதெல்லாம் இருந்தது உண்மையென்றால் என்னிடம் முன்னாலேயே காட்டியிருக்கலாமே. காட்டினார் என்கிறாள் மகள், சாப்பாட்டு மேஜையில் வைத்துப் போனில் காட்டினார், நீங்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள் அப்பா என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். நான் ஏன் திரும்பிக்கொள்ளமாட்டேன்? எனக்குப் படிக்கத் தெரியாது என்று தெரிந்துதானே காட்டுகிறார்கள்.

ஒண்ணாம் தேதி அவளும் வாண்டும் எப்படியும் அந்த ஊருக்குக் கிளம்புகிறார்கள் என்கிறீர்கள். போகமாட்டாள். அங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள்? என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

கையெழுத்து எங்கே போடணும்? இங்கேயா? சரி.

நான் எழுந்திருக்கிறேன். முழங்கால் பிடித்துக்கொள்கிறது, பிடிக்க வேண்டாம், நானே நடப்பேன். அந்த அலமாரியில் பிளாஸ்டிக் பையில் வைத்திருப்பது அந்த ஷூதானே. ஒரு தரம் திருப்பிப் பாருங்கள். இடது அடியில் இரண்டு பொட்டு, அசையாமல் இருக்கும். வலதில் சிவப்பே இருக்காது. இறுக்காத ஸ்க்ரூவுக்கு நான் பொட்டு வைக்கவில்லை. நாற்பத்தொரு வருஷத்தில் ஒருத்தரையும் நான் ஏமாற்றினதில்லை, வீட்டு மாப்பிள்ளையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதை மட்டும் கடைசியில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் ஷூவை மாற்றிவிடுங்கள் ஐயா. சாயங்காலமாகப் போய் அளந்து வாங்குங்கள். யார் சொன்னாலும் நம்பாதீர்கள், போட்டு நடந்து பாருங்கள்.

வழி இந்தப் பக்கமா? வருகிறேன்.

இரண்டு மாசமாம்.